ஒதுக்கிவைத்த ஆட்டுக்கால் சூப்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானில் மேகம் இல்லை. மேற்கு மலைகளின் இடுக்கு வழியே புறப்பட்டு வரும் காற்று, காலை எட்டு மணிக்கே புழுதியை வாரிக்கொண்டு வீசியது. ஈரப்பதம் மிகக் குறைவு. நண்பகலில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதற்கான அறிகுறிகள் அனைத்தும் தென்பட்டன.

காலையில் எழுந்தவுடன் வானிலையைக் கவனிப்பது செந்தூர்பாண்டியின் பழக்கம். அவர் ஆமத்தூருக்கு அருகிலுள்ள ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். காற்று வறண்டிருக்கும் நாளில் மனித உடம்பிலும் உடையிலும் நிலைமின்சாரம் சேர்கிறது. அது ஒரு சிறு பொறியாக வெளிப்பட்டால் என்ன நிகழும் என்பதை அந்தப் பக்கத்துக் குழந்தைகளும் அறியும். ஆயினும் அன்று விடுமுறை. கவலைப்பட வேண்டிய அறை எதுவும் இல்லை என்று எண்ணியபடி வாசலில் நின்றவரின் மூக்கில், அடுப்படியிலிருந்து மிளகு வறுபடும் வாசனை ஏறியது.

அவர் விரைந்து உள்ளே சென்றார். அவருடைய அக்கா மாரித்தாய், மல்லாங்கிணற்றிலிருந்து முதல் பேருந்தில் வந்தவள், அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் தீயில் வாட்டிச் சுரண்டிய நான்கு ஆட்டுக்கால்கள் கிடந்தன.

செந்தூர்பாண்டி அடுப்பை அணைத்தார்.

"ஏலே, எதுக்கு அமத்துத?"

"இது இந்த வீட்டுல வேகக் கூடாதுக்கா."

"வேகக் கூடாதா? ஒன் பொண்டாட்டி ஒரு வாரமா இதைத்தாம்லே கேக்கா. சோத்தைக் கண்டாக் கொமட்டுது, இட்லி மண்ணு மாதிரி இருக்கு, ஆட்டுக்கால் சூப்புன்னா ஒரு வாய் எறங்கும் மதினின்னு போன்ல அளுதா. கறிக்கடைக்காரன்கூட மல்லுக்கு நின்னு எளங்காலா வாங்கிட்டு வந்துருக்கேன். நீ என்னமோ கலெக்டர் மாதிரி ஆர்டர் போடுத!"

உள்ளறைக் கட்டிலில் அய்யம்மாள் சாய்ந்திருந்தாள். அவள் செந்தூர்பாண்டியின் மனைவி. அவருக்கு மாமன் மகளும் ஆவாள். தலைமுடி உதிர்ந்துவிட்டதால் ஒரு பருத்தித் துண்டைத் தலையில் சுற்றியிருந்தாள். சித்திரை மாதத்தில் அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. மதுரையில் இரண்டு முறை கீமோ ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதும் முடிந்து, உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உடம்பு தாங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த வீட்டில் அனைவருடைய நம்பிக்கையும் அந்த ஒரு நிபந்தனையின்மீது நின்றது.

"மாமா, என்னவாம்? ஏன் சத்தம்?" என்றாள் அய்யம்மாள்.

செந்தூர்பாண்டி கட்டிலின் அருகே அமர்ந்து, தாம் கற்றதை விளக்கத் தொடங்கினார். ஹையலூரானிக் அமிலம் என்பது உடம்பே உண்டாக்கும் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. நீரை ஏராளமாகப் பிடித்துவைக்கும் தன்மை உடையது. மூட்டுகளில் வழவழப்பாகவும் தோலில் ஈரமாகவும் இருந்து நன்மை செய்கிறது. ஆனால் மார்பகம், கருப்பை வாய், சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி இது மிகுதியாகச் சேர்கிறது. நோய்ச் செல்கள் இதைப் பற்றிக்கொண்டுதான் வயிற்றின் உட்புற உறையில் ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்திலிருந்து பரவுகின்றன.

"ஆட்டுக்கால்ல இருக்குறது பூராவும் மூட்டுதான் அய்யம்மா. அம்புட்டும் அந்தச் சரக்கு."

அய்யம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "வெண்டைக்காய் கொளகொளன்னு இருக்குமே, அது மாதிரியா மாமா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்ப வெண்டைக்காயும் போச்சா?"

அது தாவரம், மூட்டு உடையதன்று, ஆகவே அதில் இந்த அமிலம் இருக்க வழியில்லை என்று செந்தூர்பாண்டி மனத்துக்குள் ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தார். "வெண்டைக்காய்க்குத் தடையில்லை," என்றார்.

"கேட்டுக்கோ அய்யம்மா," என்று அடுப்படியிலிருந்து மாரித்தாய் குரல் கொடுத்தாள். "கவர்மெண்டு அனுமதி குடுத்துருச்சு. நாளைக்குப் புடலங்காய்க்கும் மனுப் போட்டுப் பாப்போம்."

அய்யம்மாள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கொண்டு போயிருங்க மதினி. நம்ம பிள்ளைக குடிக்கட்டும். மாமா படிச்சவுக, காரணமில்லாமச் சொல்ல மாட்டாக," என்று கூறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மாரித்தாய் ஆட்டுக்கால்களைத் தூக்குவாளியில் போட்டு மூடினாள். மிளகு வாசனை மட்டும் மாலைவரை அந்த வீட்டில் இருந்தது.

செந்தூர்பாண்டியின் படிப்பைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். வெடிக்குத் திரி வைக்கும் வேலையில் தொடங்கி, முப்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினார். ஆலையில் வேலை முடிந்து வந்து, அலுமினியத் தூள் படிந்த விரல்களோடு அறிவியல் புத்தகத்தைப் புரட்டியவருக்கு, கேள்வி கேட்டுச் சரிபார்த்தவள் அய்யம்மாள்தான். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "செல்லின் ஆற்றல் மையம் எது?" என்று விரலை வைத்துக்கொண்டு கேட்பாள். அவர் சொல்லிவிட்டால் அவளே தேர்வில் வென்றதைப் போல முகம் மலர்வாள். பின்னர் அவர் பன்னிரண்டாம் வகுப்பும் தேறினார்; போர்மேன் சான்றிதழும் பெற்றார். அதன்பின் தெருவில் எவருக்கு மாத்திரைச் சீட்டு வந்தாலும் அவரிடம்தான் காட்டுவார்கள்.

மே மாதத்தில் ஆலைப் பெண்களுக்காக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். ஹையலூரானிக் அமிலத்தைப் பற்றிய செய்தியைச் செந்தூர்பாண்டி அங்குதான் கேட்டார். "இந்தப் பொருள் வேறு எதிலெல்லாம் இருக்கும் ஐயா?" என்று அவர் எழுந்து வினவியபோது, "கண்ணில், தோலில், சேவல் கொண்டையில், ஆடு மாடுகளின் மூட்டில்," என்று பேராசிரியர் விடையளித்து, "நல்ல கேள்வி," என்று பாராட்டவும் செய்தார். அறுபது பெண்கள் திரும்பிப் பார்த்தனர். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அவற்றை உண்டால் தீங்கு உண்டா? அதை அவர் கேட்கவில்லை. நல்ல கேள்வி கேட்டவர் என்று பெயர் பெற்ற பின், சிறுபிள்ளைத்தனமாக ஒன்றைக் கேட்க மனம் ஒப்பவில்லை. அதற்கான விடை தமக்கே தெரியும் என்றும் அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கை ஆலையிலிருந்து வந்தது. பட்டாசுத் தொழிலில் பாதுகாப்பின் முதல் பாடம் அறையை ஒழித்துவைப்பதாகும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருத்தல் கூடாது. அப்போதைக்குத் தேவையான கலவைக்கு மேல் ஒரு பிடியும் இருத்தல் கூடாது. மிஞ்சியதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். அறையில் இல்லாத சரக்கு வெடிப்பதில்லை. இந்த ஒரு விதியை இம்மியும் பிசகாமல் காத்ததால், அவர் பொறுப்பேற்ற இருபது ஆண்டுகளில் அவருடைய அறைகளில் ஒருவருக்கும் விரல்கூடக் கருகியதில்லை. வீட்டிலும் ஒன்றுக்கு மேல் தீப்பெட்டி வைக்க விடமாட்டார். ஆகவே, நோய் எந்தச் சரக்கைப் பற்றிப் பரவுகிறதோ அந்தச் சரக்கை வீட்டைவிட்டு அகற்றுவதே தம் கடமை என்று அவர் கொண்டார். அதில் அவருக்கு ஐயமே எழவில்லை.

ஆட்டுக்கால் சென்றது. கோழியின் தோலும் கழுத்தும் சென்றன. எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு எதுவும் கூடாது என்றார். மகள் ஓவியா, விருதுநகரில் கல்லூரி இறுதியாண்டு படிப்பவள், முகத்தில் பூசிக்கொள்ள வாங்கிவைத்திருந்த சீரத்தின் பெட்டியில் அந்த அமிலத்தின் பெயர் அச்சிட்டிருப்பதைக் கண்டு, அதையும் சாக்கடையில் ஊற்றினார்.

"அப்பா, அது என் மூஞ்சிக்குப்பா! அம்மா வயித்துக்கு இல்ல!"

"வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதும்மா."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமே. சூப்புக்கும் சேத்துக் கேட்டுருவோம்."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? புரொபசரே சொல்லியிருக்காரு."

அய்யம்மாளுக்கு அவர் மாதுளைச் சாறு பிழிந்து கொடுத்தார். தயிர்ச்சோற்றைக் குழைத்து ஊட்டினார். பருப்புத் தண்ணீரில் நெய் விட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு கரண்டி உண்பாள். மூன்றாவதற்குக் கையால் வாயைப் பொத்துவாள். கீமோ ஏற்றியவர்களுக்கு நாவின் சுவை மாறிவிடும். பழகிய உணவெல்லாம் தகரத்தை நக்குவதுபோல் இருக்கும். அவளுக்கோ காரமும் உப்பும் சூடுமாக ஒன்றே ஒன்று நினைவில் இருந்தது. அவள் அதை மறுபடியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் என்றேனும் கறி வேகும் வாசனை வந்தால், சன்னலை மூடச் சொல்ல மாட்டாள். சன்னல் பக்கமாகத் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். செந்தூர்பாண்டி அதைப் பார்த்திருக்கிறார். வெக்கைக்காக அப்படிப் படுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

மூன்றாவது கீமோ முடிந்து, ஜூலை நடுவில் மதுரைக்குச் சென்றார்கள். டாக்டரம்மா எடையைப் பார்த்தார், ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார், முகத்தைச் சுருக்கினார்.

"புரதம் ரொம்பக் குறைஞ்சிருக்கே. இந்த உடம்போட ஆபரேஷன் செய்ய முடியாது. மூணு வாரம் தள்ளிப் போடுறேன். என்னம்மா சாப்பிடுறீங்க? முட்டை, மீன், சூப்பு எல்லாம் சாப்பிடுறீங்களா?"

செந்தூர்பாண்டியின் காதில் சூப்பு என்ற சொல் தெளிவாக விழுந்தது. காய்கறிச் சூப்பைச் சொல்கிறார் என்று மனம் உடனே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டது. அய்யம்மாள் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சாப்பிடுதேன் டாக்டர். வீட்டுல நல்லாக் குடுக்காக," என்றாள்.

அந்த ஒரு நொடியில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். வரிசையில் ஆட்கள் நின்றனர். டாக்டரம்மாவின் மேசைக்கருகே இரண்டு பயிற்சி மாணவர்கள் நின்றனர். அவர் கைகட்டி நின்றார்.

திரும்பும் வழியில், பேருந்தில் சன்னலோர இருக்கையில் அமர்ந்திருந்த அய்யம்மாளிடம், "எல்லாம் சாப்பிடுதேன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டார்.

"பின்னே என்ன சொல்லச் சொல்லுதீக? எம் புருசன் தடுத்துட்டாகன்னா? அந்தம்மா பட்டுன்னு எதையாச்சும் சொல்லிட்டா? நாலு பேர் முன்னால ஒங்க படிப்பை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல மாமா."

அதை அவர் அன்று தம் படிப்புக்கான மரியாதையாக எடுத்துக்கொண்டார். தாம் தவறியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருந்தது என்பது, பல நாள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

மூன்று வாரம் முடியுமுன் அவள் வயிறு வீங்கியது. எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தாள். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோய் குடலைச் சுற்றி இறுக்கிவிட்டது என்றும், இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றும், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது என்றும் டாக்டரம்மா தம் அறையில் அவரையும் ஓவியாவையும் அமரவைத்துச் சொன்னார்.

செந்தூர்பாண்டி, தாம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தும் இப்படி ஆனது எவ்வாறு என்று அறிய விரும்புபவரைப்போல, ஹையலூரானிக் அமிலத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டில் ஒரு துளியும் இல்லாமல் அகற்றியதைச் சொன்னார். ஆட்டுக்காலைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார்.

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நீங்க கேட்டது உண்மைதாங்க. கட்டியைச் சுத்தி அது நிறைய இருக்கும். நோய் ஒட்டுறதுக்கும் பரவுறதுக்கும் அது உதவுதுன்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா அது வெளியில இருந்து வர்றதில்ல. நோய்ச் செல்லும் பக்கத்துல இருக்கிற செல்லும் சேர்ந்து அங்கேயே தயாரிக்குது. நீங்க சாப்பிடுற சூப்பு குடல்ல செரிச்சு உடைஞ்சு போயிரும். அது கட்டியில போய்ச் சேருதுன்னு எந்த ஆதாரமும் கிடையாது."

"சரக்கு இல்லாட்டா வெடிக்காதே டாக்டர்," என்றார் செந்தூர்பாண்டி. குரல் தாழ்ந்திருந்தது.

"உங்க ஆலையில சரி. இங்க அறையே சரக்குச் செய்யுதுங்க. நீங்க எதைன்னு ஒழிப்பீங்க?"

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். தந்தையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"அப்ப அவ அதைக் குடிச்சிருந்தா..."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "குடிச்சிருந்தா நோய் நின்னிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இது பொல்லாத நோய்; இதே மாதிரிதான் போயிருக்கலாம். உடம்பு கொஞ்சம் தேறி ஆபரேஷன் வரைக்கும் வந்திருக்கவும் வந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "ஆனா அவங்க குடிச்சிருக்கலாங்க," என்றார்.

அய்யம்மாளை ஆமத்தூருக்கே கொண்டுவந்தனர். மூக்கில் குழாய் இருந்தது. விழுங்குவதற்கு இனி எதுவும் கொடுக்கக் கூடாது. வாய் உலர்ந்தால் நனைத்துத் துடைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. லாரிகளில் லோடு ஏறும் சத்தம் சாலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. செந்தூர்பாண்டி வேலைக்குச் செல்லவில்லை.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விருதுநகருக்குச் சென்று வாட்டிய ஆட்டுக்கால் நான்கு வாங்கி வந்தார். மாரித்தாய் வாங்கிச் சமைக்க வந்தபோது தடுத்துவிட்டார். சமையல் அவருக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்தவளிடம் வந்து நின்றார்.

"அய்யம்மா, ஆட்டுக்கால் வாங்கியாந்துருக்கேன். எப்படி வைக்கணும்? சொல்லு."

அவள் கண்ணைத் திறந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். என்ன நிகழ்ந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"தடை... நீங்கிருச்சா?" என்றாள்.

"நான் தப்பா வெளங்கிக்கிட்டேன் புள்ள."

"சரி, விடுங்க. மொளகை இடிக்கணும். அரைக்கக் கூடாது." மூச்சு வாங்கினாள். "சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போடுங்க. மஞ்சப்பொடி... கொஞ்சம். குக்கர்ல வைக்காதீக. பானையில வைங்க. மெல்ல வேகட்டும்."

அவர் அவ்வாறே செய்தார். இரும்பு உரலில் மிளகை இடித்தார். சீரகத்தை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்துப் போட்டார். கலவை அறையில் நிற்பவரைப்போல அடுப்பின் முன் அசையாமல் நின்றார். முற்பகல் கழிந்தது, பிற்பகல் வந்தது. எலும்பின் முனைகள் கழன்று, நீர் வெளுத்துத் தடித்தது. வாசனை உள்ளறைக்குச் சென்றபோது, அய்யம்மாள் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். சன்னல் பக்கமாக அவள் தலை வைத்துப் படுத்திருந்த நாள்கள் எல்லாம் எதற்காக என்று அவர் அப்போதுதான் அறிந்தார்.

"ஏ மதினி," என்றாள் அய்யம்மாள், கட்டிலருகே இருந்த மாரித்தாயிடம். "ஆம்பளை வச்சாலும் வாசனை வருதே."

"வரும் வரும். ஒரு காலுக்கு ஒரு நாளு எடுத்துக்கிட்டா யாரு வச்சாலும் வரும்," என்ற மாரித்தாய் சேலை முனையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செந்தூர்பாண்டி ஒரு சிறு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, ஆற்றி, சுத்தமான பருத்தித் துணியின் நுனியை அதில் நனைத்து அவள் உதட்டில் ஒற்றினார். அவள் நாவை நீட்டி உதட்டை நனைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். தேர்வுக்காகக் கேள்வி கேட்டுவிட்டு அவருடைய விடைக்காகக் காத்திருந்த நாள்களில் அவள் முகம் எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே அவர் முகம் இப்போது இருந்தது.

"உப்பு பத்தல மாமா," என்றாள்.

அவர் அடுப்படிக்கு எழுந்து சென்றார். உப்பு ஜாடியைத் திறந்து, இரண்டு விரலால் சிறிது எடுத்தார். கூடிவிடுமோ என்று பாதியைத் திரும்பப் போட்டார். கிண்ணத்தில் இட்டுக் கலக்கி, தாமே ஒரு சொட்டு நாவில் விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இவ்வளவு நல்ல பொருளை இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்திவைத்தோமே என்று நினைத்தார். நினைத்ததும் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மீண்டும் துணியை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினார்.

"இப்பச் சரியா இருக்கா?"

உதட்டில் நின்ற துளி உள்ளே செல்லவில்லை. கன்னத்தின் ஓரமாக வழிந்தது. ஓவியா தாயின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா," என்றாள்.

ஆலையில் விபத்து நேர்ந்தால், போர்மேன் வேறு எதைச் செய்வதற்கும் முன் நேரத்தைப் பார்த்து மனத்தில் கொள்ள வேண்டும் என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் அவருக்கு அந்த வேலை வாய்த்ததில்லை. செந்தூர்பாண்டி கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மாலை மணி நான்கு பன்னிரண்டு.